மதிலும் விறாந்தையும் ஒரே மேசன்

அக்கா ஒருவரையும் முகத்தால் ஞாபகம் வைத்திருந்தது இல்லை. வாயால்தான். பெயர் சொன்னால் நெற்றியைச் சுருக்குவார். ஊர் சொன்னாலும் பிடிபடாது. "கீழ்வரிசையிலை ஒரு பல்லு குறுக்கை நிக்குமே, அவர்" என்றால் உடனே முகம் மலர்ந்துவிடும். "ஓமோம், அவரைத் தெரியாதே! நல்ல முரசு. மனிசி பிள்ளையள் சுகமோ?" முரசு என்று அவர் சொன்னது பல்லைப் பிடித்திருக்கும் ஈறை. "முகம் பொய் சொல்லும், முரசு சொல்லாது" என்பது அவர் அடிக்கடி எடுத்து வீசுகிற வசனம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னில் எனக்குத் தெரிந்த தமிழர் எல்லாரையும் ஒரு வீட்டு ஹோலுக்குள் இருத்திவிடலாம், பிறகும் இரண்டு கதிரை மிஞ்சும். எங்கள் எல்லாருக்கும் அக்காவான அவர் இலங்கையில் படித்துப் பட்டம் எடுத்த பல் வைத்தியர். ஆனால் இங்கே அந்தப் பட்டம் செல்லாது, இன்னொரு சோதனை எழுத வேண்டும். அதுவரைக்கும் ஒரு பல் கிளினிக்கில் உதவியாள் வேலை. வைத்தியர் கையை நீட்டினால் பல் பிடுங்குகிற குறட்டை எடுத்துக் கொடுப்பது, நோயாளியின் எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடிப்பது, கழுவுவது. வேறொருவராக இருந்தால் மனம் கசந்திருக்கும். அக்கா சிரிப்பார்.

"கை வைக்கத்தான் தம்பி சட்டம் விடாது. கண் வைக்க ஆரின்ரை சட்டம் வேணும்?"

அப்படியே கண் வைத்தார். அவருடைய கைப்பைக்குள் பேனை மாதிரி ஒரு சின்ன டோர்ச் இருக்கும். பிறந்தநாள் வீடோ, செத்தவீடோ, அந்த டோர்ச் வெளியே வராமல் அக்கா வீடு திரும்பியதில்லை. அவருடைய கணவர், நாங்கள் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அமைதியான என்ஜினியர். விருந்துக்குப் போனால் வாசலிலேயே மனைவியின் காதுக்குள் சொல்லுவார்: "இஞ்சேரும், கேக் வெட்டினாப் பிறகு பாரும். முதலே பாத்தால் ஒருத்தரும் சாப்பிடமாட்டினம்."

அவர்களுடைய வீடு கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடிகிற இடத்துக்குக் கிட்ட. அதற்கு அப்பால் அப்போது இன்னும் ஆப்பிள் தோட்டங்கள் மிச்சம் இருந்தன. தெரு மூலையில் ஒரு கிரேக்கர் மில்க் பார் வைத்திருந்தார். பால், பாண், பேப்பர், ஐஸ்கிறீம் விற்கிற சின்னக் கடை. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். தலைமயிர் சோளக் குஞ்சம் போல நாலைந்து இழை. புருவம் இல்லை. உதட்டை மூடியபடியே பேசுவார். ஜனவரி வெயில் ஏறினால் ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியைத் திறந்து, தலையையும் இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார். வாடிக்கையாளர் வந்து நின்றாலும் நிமிர மாட்டார். மனைவி கிரேக்கத்தில் பாதி, ஆங்கிலத்தில் பாதியாகக் கத்துவாள்: சோம்பேறி, உன்னைக் கட்டிக் கடலைத் தாண்டி வந்தேனே என்று.

ஒருநாள் பால் வாங்கப் போன அக்காவிடம் அந்த மனிதர் ஏதோ பகிடி சொல்லிவிட்டுத் தன்னை மறந்து சிரித்துவிட்டார். வாய்க்குள் ஐந்தே பல். ஐந்தும் சீவிய பென்சில் மாதிரிக் கூர். அக்கா பால் போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி இது: "உங்களுக்கு வியர்க்குமா?"

மனிதர் திகைத்துப் போனார். பிறந்த நாளிலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வி. வியர்த்ததே இல்லை என்றார். தாயின் தமையனும் இப்படித்தானாம், கிணற்றடியிலேயே கிடப்பாராம். அக்கா மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்: உன் மனிசன் சோம்பேறி இல்லை. அவருடைய தோலில் வியர்வை வருகிற துவாரம் இல்லை. வெயிலில் நிற்கவிட்டால் உள்ளே கொதித்துப்போவார். அடுத்தநாள் நான் போனபோது, அந்தப் பெண் ஒரு துவாயைத் தண்ணீரில் தோய்த்துக் கொண்டுவந்து அவருடைய கழுத்தில் எறிந்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். கத்தல் அதே கத்தல்தான். காரணம் மட்டும் மாறியிருந்தது: துவாயைக் காயவிட்டாராம்.

அக்கா வீட்டுக்கு அன்றிலிருந்து போத்தல் போத்தலாக ஒலிவ்காய் வந்தது. அத்தான் அதைப் புட்டோடு சாப்பிடப் பழகினார்.

பல்லைப் பார்த்து வியர்வையை எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அக்காவுக்கு அந்தக் கேள்வி சர்க்கரைப் பொங்கல் மாதிரி.

"தோல் எண்டது வெளிமதில். வாய் எண்டது விறாந்தை. ரெண்டையும் கட்டினவன் ஒரே மேசன். பல்லும், மயிரும், நகமும், வேர்வைத் துவாரமும் அவன்ரை வேலைதான். மதிலிலை பிழை விட்டவன் விறாந்தையிலையும் ஒரு கல்லை மாறி வைச்சிருப்பான். சனம் மதிலைப் பாத்திட்டுப் போயிடும். நான் விறாந்தைக்குள்ளை போய்ப் பாக்கிறன், அவ்வளவுதான்."

அத்தானோடு வேலை செய்த மதுரைக்காரர் ஒருவருக்கு உதட்டில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். சிகரெட் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அக்கா உதட்டைப் பார்த்துவிட்டு வயிற்றைக் கேட்டார். "வயித்துக்குத்து வாறதோ?"

"ஆமாக்கா, சின்ன வயசுலேர்ந்து வரும். எங்கப்பாவுக்கும் உதடு இப்படித்தான், வயித்துவலியும் உண்டு. வாயுன்னு சொல்வாங்க."

"வாயுவும் இல்லை, கீயுவும் இல்லை. நாளைக்கே டொக்டரிட்டைப் போம்."

போனார். குடலுக்குள் வளர்ந்திருந்த கட்டிகளைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். "ஒதட்டப் பாத்து வயித்தச் சொன்ன மகராசி" என்று அவர் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என்னுடைய வாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அக்கா கோபிப்பார்.

அந்த நாளில் நான் ட்ராம் கண்டக்டர். தோளில் தோல் பை, கையில் ரிக்கற் கட்டு, நாள் முழுக்க நின்ற நிலை. பிறந்ததிலிருந்தே என்னுடைய நாக்கும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளை, சுண்ணாம்பு பூசியது மாதிரி. பள்ளிக்கூடத்தில் என்னுடைய பட்டப்பெயரும் சுண்ணாம்புதான். விரல் நகங்கள் மஞ்சளாய்த் தடித்து வளைந்திருக்கும். உள்ளங்கால் காய்ந்த மரப்பட்டை. அதனால் எனக்கு ஒரு பழக்கம்: பேசும்போது இடதுகை தானாக எழும்பி வாய்க்கு முன்னால் வந்துவிடும். வலதுகை, தேவை இல்லாத நேரமெல்லாம், கால்சட்டைப் பைக்குள் இருக்கும்.

ரயிலில் வந்து இறங்கி அக்கா வேலைக்குப் போகிற ட்ராம் என்னுடையது. முதல் நாளே பிடித்துவிட்டார்.

"தம்பி தமிழே?"

"ஓம்."

"கையை எடுத்திட்டுச் சொல்லும், விளங்கேல்லை."

அடுத்த தரிப்பின் பெயரைக் கூவிக்கொண்டு ட்ராமின் மறுமுனைக்குப் போய்விட்டேன். மாதக்கணக்காக இப்படியே நடந்தது. அவர் கழுத்தை நீட்டுவார், நான் ஓடுவேன். ஊர்க்காரி என்ற பாசத்தில் வீட்டுக்குச் சாப்பிடப் போய்வரத் தொடங்கிய பிறகும், டோர்ச்சை எடுக்கிற நேரம் பார்த்துக் கோப்பை கழுவ எழும்பிவிடுவேன். மெல்பேர்னில் அக்கா உள்ளே பார்க்காத ஒரே தமிழ் வாய் என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஒருநாள் ட்ராமால் இறங்கும்போது சொன்னார்: "உமக்கு ஒரு பொம்பிளை பாத்திருக்கிறன். நல்ல பிள்ளை. நல்ல முரசு."

பெண்ணுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை. தமையனோடு இருக்கிறாள். தமையன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். வீட்டிலும் கணிதம்தான் படிப்பிப்பாராம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்கா வீட்டில் சந்திப்பு. நான் புதுக் கோட்டுப் போட்டு, இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு போய் இருந்தேன். தமையன் கேட்டதற்கெல்லாம் உதடு பிரியாமல் பதில் சொன்னேன். பெண் எதிர்க் கதிரையில் குனிந்தபடி இருந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. அத்தான் ஒலிவ்காய்ப் புட்டுக் கதையைச் சொன்னார். நான் வாயைத் திறந்து சிரித்துவிட்டேன்.

தமையன் முன்னுக்கு வளைந்தார். "தம்பி, உதென்ன வாய்க்குள்ளை வெள்ளையா? வெத்திலை சுண்ணாம்போ?"

எங்களுடைய ஆட்கள் கல்யாணம் பேசினால், "குடும்பத்திலை ஏதும் வருத்தம் இருக்கோ" என்று மூன்று தெரு தள்ளி விசாரிப்பார்கள். பரம்பரை என்று ஒரு சொல் விழுந்தால் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிவிடுவார்கள். பழக்கம் என்றால் அப்படியல்ல. பழக்கத்தை விடலாம், இரத்தத்தை விடமுடியாது. ஒரு நொடிக்குள் இவ்வளவும் யோசித்தேன்.

"ஓம். இடைக்கிடை போடுறனான்."

"புகையிலையுமோ?"

"கொஞ்சம்."

"விட்டிடுவீரோ?"

"இண்டைக்கே விடுறன்."

தமையனுடைய முகம் இளகியது. "எங்கடை அப்பரும் போட்டவர்தான்" என்று ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இல்லாத பழக்கத்தை விடுவதில் இருக்கிற சுகம் வேறெதிலும் இல்லை.

அவர் கணித ஆசிரியர் அல்லவா, விடவில்லை. "அதுசரி, மெல்பேர்னிலை வெத்திலை எங்கை எடுக்கிறனீர்?"

நான் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. "கப்பல்லை ஒருத்தர் கொண்டாறவர்" என்றேன்.

"எத்தினை கிழமை ஓடுற கப்பல்? வெத்திலை அழுகாதோ?"

அப்போதுதான் பெண் முதன்முதலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதே நேரம் குசினியிலிருந்து தட்டோடு அக்கா வந்தார்.

"ஆர் வெத்திலை போடுறது? இவரோ? உங்களுக்கென்ன விசரே! வெத்திலை போடுறவன்ரை பல்லு செங்கல்லு மாதிரி இருக்கும். எங்கை தம்பி, ஈ எண்டு காட்டும்…" என்று குனிந்தவர் பாதியில் நின்றுவிட்டார். என் கண்ணைப் பார்த்தார். அக்கா ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். "குசினிக்கு ஒருக்கா வாரும். சீனிப்போத்தல் மேல்தட்டிலை இருக்கு, எனக்கு எட்டாது" என்றார்.

குசினிக் கதவைச் சாத்தினார். "ஆ." டோர்ச் எரிந்தது. கைலேஞ்சித் துணியின் முனையை விரலில் சுற்றி நாக்கை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். வெள்ளை போகவில்லை. "நகத்தைக் காட்டும்." காட்டினேன். "சப்பாத்தைக் கழட்டும்." காலுறையையும் கழற்றினேன். அக்கா நிலத்தில் சம்மணம் போட்டு இருந்து, என்னுடைய காலை மடியில் எடுத்து வைத்து, மூக்கைச் சுளித்தபடியே உள்ளங்காலைத் தடவினார்.

"அம்மாவுக்கோ, அப்பாவுக்கோ?"

ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். "அம்மாவுக்கு."

"சகோதரங்களுக்கு?"

"தங்கச்சிக்கு இருக்கு. அண்ணாவுக்கும் ஊரிலை இருக்கிற என்ரை அக்காவுக்கும் இல்லை."

"நாலிலை ரெண்டு! பாத்தீரே!" அக்காவின் முகத்தில் லொத்தர்ச் சீட்டு விழுந்த சந்தோசம். "புத்தகத்திலை ஒரு மங்கல் படமாப் பாத்தது. இண்டைக்குத்தான் உயிரோடை காணுறன். இவ்வளவு நாளும் ட்ராமிலை கொண்டு திரிஞ்சிருக்கிறீர், கள்ளன்!"

"புற்றுநோய் ஆகாதோ அக்கா?" சின்ன வயதிலிருந்து கழுத்துக்குள் நின்ற கேள்வி அது.

"இந்த வெள்ளை அப்பிடி ஆகிறேல்லை. ஒட்டுறதும் இல்லை, அழுக்கும் இல்லை. மேசன் ரெண்டு கை சாந்து கூடப் பூசிப்போட்டான், அவ்வளவுதான். ஆனால் என்ரை சொல்லோடை நிக்காதையும், ஆஸ்பத்திரியிலை ஒருக்காக் காட்டவேணும்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "வெளியிலை சொல்லாதேங்கோ அக்கா. வெத்திலை எண்டே இருக்கட்டும்."

அக்கா டோர்ச்சை அணைத்தார். "நானாச் சொல்லமாட்டன். உம்மடை வாய், உம்மடை கதை. ஆனால் என்னட்டைக் கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது. ஒண்டு மட்டும் யோசியும் தம்பி. உந்தப் பிள்ளை ஒருநாள் தான் பெத்த குழந்தையின்ரை வாயைத் திறந்து பாப்பாள். அண்டைக்கு என்ன சொல்லப்போறீர்? அந்தக் குழந்தையும் வெத்திலை போட்டதெண்டோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, சீனியை மறந்து, வெறுங்காலோடு வெளியே போனேன். கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் இருக்க, சப்பாத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வெத்திலையும் இல்லை, கப்பலும் இல்லை. பிறப்பிலேயே வந்தது. அம்மாவுக்கும் இருக்கிறது.

தமையன் எழும்பிவிட்டார். "பரம்பரை வருத்தமோ!"

"அண்ணா, இருங்கோ" என்றாள் பெண். சத்தம் போடவில்லை. ஆனால் அவர் இருந்தார். அவள் குசினி வாசலில் வந்து நின்ற அக்காவிடம் திரும்பினாள். "பிள்ளையளுக்கும் வருமோ?"

"வரலாம், வராமலும் விடலாம். சதம் சுண்டிவிடுற மாதிரி. பூவோ தலையோ. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாச் சுண்டவேணும்."

"நோகுமோ?"

"அதை என்னட்டை ஏன் கேக்கிறீர்? அவரல்லோ வைச்சிருக்கிறார்."

அவள் என்னிடம் பேசிய முதல் சொல் அதுவானது. "நோகுமோ?"

"நாக்கு நோகாது. கால்தான். கனநேரம் நிண்டால் நெருப்பிலை நிக்கிற மாதிரி."

அவள் என்னுடைய வெறுங்காலைப் பார்த்தாள். "அப்ப என்னத்துக்கு நாள் முழுக்க ட்ராமிலை நிண்டு வேலை செய்யிறியள்?"

ஊரில் இத்தனை பேர் என் நாக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். ஒருவரும் கேட்காத கேள்வி இது. "கதிரையிலை இருந்து செய்யிற வேலை அங்கை ஒண்டும் இல்லையோ? கேட்டுப் பாத்தனீங்களோ?" என்றாள் மறுபடியும், கொஞ்சம் கோபமாக.

தமையனுக்கு இன்னும் ஆறவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். வெத்திலை போடுறனெண்டு என்ரை முகத்துக்கு நேரை பொய் சொன்னவர் இவர்!"

"அதுதான் விட்டிட்டாரே அண்ணா" என்றாள் அவள். "இண்டைக்கே விட்டவராம்."

அத்தான் முதலில் சிரித்தார். பிறகு அக்கா. கடைசியாகத் தமையனுடைய மீசை துடிக்கத் தொடங்கியது. அக்கா விடுவாரா? தமையன் சிரித்த வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கடைவாயிலை ஒண்டு ஓட்டை, கவனிச்சுக்கொள்ளும்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு அக்காதான் கூட்டிக்கொண்டு போனார். தோல் வைத்தியர் மற்ற வைத்தியர்களைக் கூப்பிட, அவர்கள் மாணவர்களைக் கூப்பிட, என்னுடைய வாயைப் பார்க்க வரிசை நின்றது. வரிசையில் முதலாவது ஆள் அக்கா. "எல்லாருக்கும் ரிக்கற் கிழியும் தம்பி, சும்மா விடாதையும்" என்று தமிழில் சத்தமாகச் சொன்னார். அக்கா சொன்னதையேதான் அவர்களும் சொன்னார்கள், நீளமான பெயர் ஒன்றைச் சேர்த்து. அந்தப் பெயரை நான் பாடமாக்கவில்லை. ட்ராம் டிப்போ கந்தோரில் கதிரையில் இருந்து செய்கிற வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதினேன். கையெழுத்து என்னுடையது, ஆங்கிலம் அவளுடையது. வேலை கிடைத்த மாதத்தில் கல்யாணம்.

மகள் பிறந்தபோது அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையின் நாக்கில் வெள்ளை தெரிந்தது. பால் என்றாள் நர்ஸ். என்னுடைய மனைவி துணிமுனையால் மெல்லத் துடைத்தாள். போகவில்லை. நாங்கள் இருவரும் அக்காவைப் பார்த்தோம். குழந்தை வீரிட்டு அழுதது. அக்கா கைப்பையைத் திறக்கவே இல்லை.

"சொல்லுங்கோ அக்கா" என்றாள் மனைவி.

"நல்ல குரல்" என்றார் அக்கா.

"அக்கா."

"ஓம் பிள்ளை. அதுதான்."

மனைவி குழந்தையின் போர்வையை விலக்கி, இரண்டு உள்ளங்காலையும் எடுத்துத் தன்னுடைய கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பூப்போல இருந்தன. நடக்கத் தொடங்கினால்தான் தடிக்கும் என்றார் அக்கா. "அப்ப முதல் சப்பாத்தை நல்லதாப் பாத்து வாங்கவேணும்" என்றாள் அவள்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவுச் சடங்குக்கு எல்லாரும் தங்கக் காப்புக் கொண்டு வந்தார்கள். அக்கா கொண்டு வந்தது ஒரு சோடி ஆட்டுத்தோல் சப்பாத்து, உள்ளே முழுக்கக் கம்பளி. ஒரு வயதுப் பிள்ளையின் அளவு.

மகள் அதைப் போட்டு நடந்த முதல் கிழமை, நாங்கள் மூன்று பேரும் அக்காவோடு ட்ராமில் ஏறினோம். என்னுடைய பழைய நண்பன்தான் கண்டக்டர். அவன் குனிந்து அவளுக்கு வணக்கம் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெள்ளை நாக்கை வேரோடு வெளியே நீட்டினாள். ட்ராமில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்துச் சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் நீட்டு செல்லம். பின்னாலை இருக்கிற ஆக்களுக்கு வடிவாத் தெரியேல்லை."